இரண்டாம் மாடி மாரிட்டல் ஆர்ட்ஸ்

எங்கள் கட்டடத்தில் இரண்டு மாஸ்டர்கள் இருந்தோம். முதல் மாடியில் சட்டையும் பள்ளிச் சீருடையும் தைக்கிற நான் ஒருவன். இரண்டாம் மாடியில் பெண் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தந்த அம்மாள் இன்னொருவர். படிக்கட்டில் யாராவது "மாஸ்டர்!" என்று கூப்பிட்டால் இரண்டு தலைகள் எட்டிப் பார்க்கும். "மேடம்" என்று கூப்பிட்டால் அவர் திரும்பவே மாட்டார். "மேடம்னா நாற்காலியில உட்காரணும். நான் எப்ப உட்கார்ந்தேன்?" என்பார்.

அவருடைய அப்பா ஒரு விளையாட்டு மைதானத்தில் காவலாளி. பள்ளி விட்டதும் மகளையும் அங்கேயே உட்கார வைத்துக்கொள்வார். பயிற்சி எடுத்த பையன்களைப் பார்த்துப் பார்த்து, ஓரமாக நின்று காலை வீசிப் பழகிய அந்தப் பெண், கடைசியில் அதே பையன்களைத் தரையில் உருட்டினாள். கல்யாணம் ஆனதும் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கறுப்பு பெல்ட் பீரோவுக்குள் போனது. சில வருஷம் கழித்து வீட்டுக்காரர் வேலை மாற்றலாகி வெளியூர் போனார். போன இடத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தார். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வருவதுபோல வந்தார்கள். மாஸ்டர் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்து வழியனுப்பிவிட்டு, பீரோவைத் திறந்தார். கொஞ்ச நாளில் எங்கள் இரண்டாம் மாடி வாடகைக்குப் போனது.

போர்டு விவகாரம் அப்போதுதான்.

கராத்தே மாதிரியான சண்டைக் கலைகளுக்கு ஆங்கிலத்தில் 'மார்ஷியல் ஆர்ட்ஸ்' என்று பெயர். ஃப்ளெக்ஸ் அடித்தவன் அவசரத்தில் நடுவில் இருந்த 'டி'யையும் 'ஐ'யையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டான். அது 'மாரிட்டல் ஆர்ட்ஸ்' ஆகிவிட்டது. மாரிட்டல் என்றால் கல்யாண வாழ்க்கை சம்பந்தப்பட்டது என்று எதிர்க்கடை மருந்துக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆக, காலைத் தூக்கி உதைக்கிற ஒரு பெண்ணின் படம். அதற்கு மேலே கொட்டை எழுத்தில், பெண்களுக்குத் தாம்பத்தியக் கலை கற்றுத்தரப்படும் என்கிற அறிவிப்பு!

மருந்துக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாயங்காலத்துக்குள் போட்டோ எல்லோர் போனுக்கும் போய்விட்டது. புருஷன் விட்டுட்டுப் போனவ என்ன கலை சொல்லித்தரப் போறா என்று கீழே எழுதி அனுப்பியவர்களும் உண்டு. ஃப்ளெக்ஸ்காரன் ஓடி வந்து, "அக்கா, என் தப்புதான், வேற அடிச்சுத் தர்றேன்" என்று கையைப் பிசைந்தான். மாஸ்டர் அவனைத் திட்டவில்லை. என்னிடம் ஸ்டூல் வாங்கிக்கொண்டு போய், தானே ஏறிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. ஊரை விட்டுப் போனதிலிருந்து பேசாத வீட்டுக்காரர். அவர் போட்ட சத்தம் ஸ்டூலுக்குக் கீழே இருந்த எனக்கே கேட்டது.

"குடும்பம் நடத்தத் துப்பில்லாதவ, அதுக்கு க்ளாஸ் வேற எடுக்கறியா? என் மானத்தை வாங்காதே. இப்பவே போர்டை இறக்கு."

மாஸ்டர் போனை அணைத்தார். அவிழ்த்த முடிச்சை மறுபடி போட்டார். இன்னொரு முடிச்சும் சேர்த்துப் போட்டார். கீழே இறங்கி, "ஸ்டூலை எடுத்துக்கோங்க மாஸ்டர்" என்றார்.

"தப்பா இருக்கேம்மா?"

"தப்புதான். நானே இறக்கத்தான் ஏறினேன். இப்ப இறக்கினா அந்த ஆள் சொல்லி இறக்கினதா ஆயிடும். அதுக்குத் தப்பே இருந்துட்டுப் போகட்டும்."

அந்தத் தப்பைப் படித்துவிட்டுத்தான் ஒரு மதிய நேரம் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிற பெண் வந்தாள். கம்பெனி சட்டையைக் கூட மாற்றவில்லை. மாடி தெரியாமல் என் கடைக்குள் நுழைந்து, "இங்க புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு ஏதோ யோசனை சொல்றாங்களாமே?" என்று கேட்டாள். நான் மேலே கூட்டிப்போனேன்.

மாஸ்டர் உள்ளதைச் சொன்னார். "எழுத்து மாறிப்போச்சும்மா. அந்த மாதிரி யோசனையெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எனக்கே சொல்லியிருப்பேனே."

அவள் போகவில்லை. "அப்ப நீங்க என்னதான் சொல்லித் தர்றீங்க?"

"யாராவது கையைப் பிடிச்சா எப்படி விடுவிச்சுக்கறது, அடிக்க வந்தா எப்படித் தப்பிக்கறது, அதெல்லாம்."

அவள் சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கும் அதுதாங்க வேணும்" என்றாள்.

மாஸ்டர் அவளை 'பிஸ்கட்' என்றே கூப்பிட்டார். அவள் தோழிகளைக் கூட்டி வந்தாள். இப்படி மதியத்தில் பெரியவர்களுக்கென்று ஒரு வகுப்பு தானாக உருவானது. வந்தவர்கள் எல்லோரும் அடிபட்டவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருத்திக்கு இடுப்பு வலி. இன்னொருத்திக்கு மாமியார் தூங்குகிற நேரத்தில் எங்காவது போய்க் கத்த வேண்டும், அவ்வளவுதான். கூரை அதிர்ந்து என் தையல் மிஷின் மேல் காரை உதிரும். நான் துடைத்துவிட்டுத் தைப்பேன்.

பிஸ்கட்டின் புருஷனுக்கு விஷயம் தெரிந்தது. கட்டட முதலாளியைக் கையோடு அழைத்துக்கொண்டு வகுப்பு நடக்கும்போதே மாடி ஏறினான். கழுத்தில் டேப்போடு நானும் பின்னாலேயே போனேன்.

முதலாளிதான் ஆரம்பித்தார். "என்னம்மா இது? வெளியில ஒரு மாதிரி எழுதி வெச்சிருக்கே, உள்ள வேற மாதிரி நடக்குது. குடும்பத்தைப் பிரிக்கிற இடமா என் கட்டடம்?"

"யாரையும் பிரிக்கலை சார். பிடிச்ச கையை விடுவிக்கச் சொல்லித் தர்றேன். கையை முறுக்காத வீட்டுல இதனால என்ன நஷ்டம்?"

புருஷன் அதற்குள் பிஸ்கட்டின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். "வாடி கீழே."

அவள் முகம் வெளுத்தது. ஒரு கணம் அவனோடு போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். பிறகு கையை அவன் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி, முழங்கையை வளைத்து வெடுக்கென்று இழுத்தாள். இழுத்துக்கொண்டிருந்தவன் பிடி நழுவி, பின்னால் தடுமாறிப் பாயில் பொத்தென்று உட்கார்ந்தான். எல்லோரையும்விட அதிகமாகப் பயந்து நின்றவள் அவள்தான்.

மாஸ்டர் அவள் காலைப் பார்த்தார். "கை சரி. கால் தப்பு. முன்கால்ல கனம் வரணும். சார், எழுந்து இன்னொரு தடவை பிடிங்க, சரியா செய்யட்டும்."

சார் இன்னொரு தடவைக்கு நிற்கவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆனால் இடம் போய்விட்டது. முதலாளி காலி பண்ணச் சொல்லிவிட்டார். மாஸ்டர் கெஞ்சவில்லை. "பண்றேன். போர்டு மேல மட்டும் உங்க ஆளுங்க யாரும் கை வைக்கக் கூடாது. அதை நானே கழட்டிக்கறேன்" என்றார். கழற்றிச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, மருந்துக்கடை வாசல் வழியாகவே நடந்துபோனார். மருந்துக்காரர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. காரணமில்லாமல் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

பிஸ்கட் தன் குழந்தையோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். புருஷன் பெரியவர்களை அனுப்பிச் சமாதானம் பேசினான். "கையை அடக்கறேன்னு அவர் வாயால என் முன்னாடி சொல்லட்டும்" என்று சொல்லியனுப்பினாள். அவன் இன்னும் வந்து சொல்லவில்லை. அவளும் போகவில்லை.

இப்போது வகுப்பு, பஸ் பணிமனைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நடக்கிறது. சீருடைக்கு அளவெடுக்க நான் போவதுண்டு. நல்ல கூட்டம். போர்டு அங்கேயும் தொங்குகிறது. ஒரு பிள்ளையின் அம்மா ஆங்கில டீச்சர், அவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "தப்புன்னு தெரிஞ்சும் ஏன் மாஸ்டர் மாத்தாம வெச்சிருக்கீங்க?"

"சர்டிபிகேட்ல சரியாத்தான் அடிச்சிருக்கேன். பிள்ளைங்க அதை எடுத்துட்டு நாலு இடத்துக்குப் போகணும். போர்டு என்னோட பாடு. சிரிக்கறவங்க சிரிக்கட்டும், அதையும் படிச்சுட்டு ரெண்டு பேர் உள்ள வர்றாங்க."

போன வாரம் நான் அங்கே இருந்தபோது பணிமனை சூப்பர்வைசர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "எங்க பசங்களுக்கு என்ஜின் சத்தமே கேட்க மாட்டேங்குது. கொஞ்சம் மெதுவாக் கத்தச் சொல்லுங்கம்மா" என்றார் மரியாதையாகத்தான்.

"சத்தம்தான் சார் பாதிப் பாடம்" என்றார் மாஸ்டர். "இதுங்களை இவ்வளவு நாள் எல்லாரும் மெதுவாப் பேசச் சொல்லியாச்சு." வரிசையின் பக்கம் திரும்பினார். "சார் கேட்கணும். ஆரம்பிங்க!"

தகரம் அதிர்ந்தது. சூப்பர்வைசர் காதைப் பொத்திக்கொண்டார். முதல் வரிசையில் நின்ற பிஸ்கட்டின் குரல்தான் எனக்குத் தனியாகக் கேட்டது.