நான்கு கம்பியில் ஒரு வீடு

கேபிளைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அக்கா திட்டிய பிறகுதான். புதன்கிழமை காலை ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே என் லேப்டாப் திரையை எட்டிப் பார்த்தாள்.

"நாலு நாளா எழுத்தா ஓடுது. ஒயரை ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்தியாடா? டிரிப் ஏறலைன்னா நாங்க முதல்ல டியூபைத்தான் பார்ப்போம். பேஷண்ட்டைப் பிரிச்சுப் போட மாட்டோம்."

அவளுக்கு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலைக்கு வீடியோ இன்டர்வியூ. போன தடவை செல்போனில் உட்கார்ந்து, பாதிப் பதிலில் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோனாள். எதிரே இருந்தவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். கீழ்வேளூர் தாண்டினால் டவர் அந்த லட்சணம்தான். அதற்காகத்தான் வீட்டுக்குக் கேபிள் இன்டர்நெட் வாங்கினோம்.

கொடுத்தவர் எங்கள் ஊர் கேபிள் டிவிக்காரர். வீட்டுக்கு வீடு டிஷ் வந்து அவர் பிழைப்பு படுத்ததும் இன்டர்நெட்டில் இறங்கியவர். சேனல் விட்டவருக்கு இது என்ன பிரமாதம் என்று ஊரே நம்பியது. முதல் நாளே லைன் வந்தது, மூன்று விநாடியில் போனது, திரும்ப வந்தது, திரும்பப் போனது. வந்து பார்த்தவர், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடும் என் லேப்டாப்பை ஏதோ தொற்று வியாதிக்காரனைப் போலத் தள்ளி நின்று பார்த்தார்.

"லைன் பக்கா தம்பி. பக்கத்து வீட்டு சார் கம்ப்யூட்டர்ல பறக்குது. உங்க லினக்ஸுதான் ஒத்துக்கல. விண்டோஸ் போட்டுக் குடுக்கவா?"

இது போதாதா எனக்கு? என்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறவனிடம், ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுகிற ஆள் பேசுகிற பேச்சா? லினக்ஸின் மானத்தைக் காப்பாற்ற இறங்கினேன். டிரைவரை மாற்றினேன். டிஎன்எஸ் மாற்றினேன். மொத்த சிஸ்டத்தையும் புதிதாகப் போட்டேன். 'இணைப்பு வந்தது, இணைப்பு போனது' என்று சிஸ்டம் தன் லாக் பதிவேட்டில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே இருந்தது. அதைப் படித்துவிட்டு, இணைப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சோதித்தேன். கேபிள்காரரை முட்டாள் என்கிற நான் செய்த வேலை இது.

அக்கா திட்டியதும் மொட்டைமாடிக்கு ஏறினேன். ரைஸ் மில் சுவரில் இருக்கும் கேபிள்காரரின் பெட்டியிலிருந்து தென்னைமரம் வழியாக ஒரே ஒரு ஒயர் வந்தது. எங்கள் கைப்பிடிச் சுவருக்குக் கீழே கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு. அங்கிருந்து இரண்டு ஒயர் கிளம்பின. ஒன்று எங்கள் ஜன்னலுக்கு. இன்னொன்று பக்கத்து வீட்டு ரிட்டையர்டு சாருக்கு. டேப்பைப் பிரித்தேன். உள்ளே எட்டுக் கம்பி. ஆரஞ்சும் பச்சையும் சேர்ந்த நான்கு எங்களுக்கு, நீலமும் பழுப்பும் சேர்ந்த நான்கு அவருக்கு.

சாருடைய பழைய கம்ப்யூட்டர் நூறு எம்பி வேகத்துக்கு மேல் அறியாதது; அதற்கு நான்கு கம்பி போதும். என் லேப்டாப் ஆயிரத்துக்கு ஆசைப்பட்டது. அதற்கு எட்டும் வேண்டும். இல்லாத நான்கைத் தேடித் தேடி விழுந்து எழுந்திருக்கிறது.

கேபிள்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

"எட்டுல நாலு சும்மாதானே தம்பி கெடந்துச்சு. வீணாப் போவுதேன்னு சாருக்கு விட்டேன். ஊரு பூரா அப்படித்தான் விட்டிருக்கேன்."

ஊர் பூராவும்! பெருமையாகச் சொன்னார். எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் தொழில்நுட்பத் தப்பு ஒன்றும் இல்லை. நூறு வேகத்துக்கு அது நல்ல ஏற்பாடுதான். புது ஒயர் கேட்டதற்கு, நாகப்பட்டினம் போய் வாங்கி வரத் தனக்கு ஒரு வாரமாகும் என்றார். வெள்ளிக்கிழமைக்கு நடுவே ஒரே நாள்தான் இருந்தது.

'நூறுக்கு மேல் ஆசைப்படாதே' என்று லேப்டாப்புக்குச் சொல்ல லினக்ஸில் ஒரே வரிக் கட்டளை. அடித்தேன். லைன் வந்தது, போகவில்லை. வியாழன் முழுக்க வீடியோ ஓடவிட்டுக் காவல் இருந்தேன். ரீஸ்டார்ட் செய்தால் அந்த வரியை மறந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் தானாக ஓடும்படி எழுதி வைத்தேன்.

"நாளைக்கு மக்கர் பண்ணுச்சுன்னா, நீயும் உன் லினக்ஸோட அந்த பென்குவின் பொம்மையும் வீட்டை விட்டுக் கெளம்புங்க" என்றாள் அக்கா, புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

பண்ணவில்லை. இருபத்தைந்து நிமிஷம் பேசினாள், ஒரு இடத்திலும் உறையவில்லை. மறு வாரமே எடுத்துக்கொண்டதாக மெயில் வந்தது. அம்மா மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். கேபிள்காரரைக் கூப்பிட்டு காபியும் கொடுத்தாள். எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை.

அக்கா போய்விட்டால் அம்மாவுக்கு தினமும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். சாருக்கும் எங்களுக்கும் பங்கு போட்ட ஒயரை நம்பி அதை விட முடியாது. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், நாகப்பட்டினத்தில் அறுபது மீட்டர் ஒயர் வாங்கி வந்து, மில் சுவரிலிருந்து எங்கள் ஜன்னல் வரை எட்டுக் கம்பியையும் நானே இழுக்கப்போகிறேன். அந்தப் பெட்டியின் சாவி மட்டும் கேபிள்காரரிடம் இருக்கிறது. அண்ணே என்று கூப்பிட்டுத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.