மடியில் ஒரு சுரம்

புனேயில் ஒரு பழைய தேவாலயம். பைப் ஆர்கனைப் பார்க்க மாடத்துக்கு ஏறிய நான் கடைசிப் படியிலேயே நின்றுவிடுகிறேன். யாரும் கட்டையைத் தொடவில்லை. ஆனாலும் ஒரே சுரம் நிற்காமல் அலறுகிறது. கீழே வாசலில் சவப்பெட்டியை இறக்குகிறார்கள்.

ஆர்கன் வாசிக்கும் எஸ்தர், புனேயின் போபோடிப் பகுதித் தமிழர், ஆர்கனுக்குள் கையை விட்டு அலறும் குழாயை உருவுகிறார். சத்தம் நிற்கிறது.

"வால்வு மாட்டிக்கிச்சு சார். இதப் பிடிங்க, ஜரா பாத்து. ஈயம். அமுக்கினா நெளிஞ்சிடும், சுதி போயிடும்."

"கீழ வச்சிடட்டுமா?"

"அரே, உருண்டுடும்! மடியில வச்சுக்குங்க."

முழ நீளக் குழாய். உள்ளங்கை வியர்க்கிறது, இறுக்கவும் பயம், விடவும் பயம். மராத்தியில் பாட்டு தொடங்குகிறது. கீழே யாரும் குறை எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்தச் சுரம் வரும் இடத்தில் எஸ்தரின் விரல் அழுத்துகிறது, ஒலி வரவில்லை. பீடத்தைப் பார்ப்பதற்காக ஆர்கன் மேல் மாட்டிய நிலைக்கண்ணாடி வழியே ஒவ்வொரு முறையும் அவர் கண் என் மடிக்கு வருகிறது. நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன், அது பட்டு குழாய் மறுபடி அலறிவிடுமோ என்று.