சித்தி வைத்த உயரம்

சித்தி கடைசல் பட்டறையை விட்டு வெளியேறியது ஒரு புதன்கிழமை. ஆறு மாதம் முன்பு முறிந்த வலது மணிக்கட்டு கூடிவிட்டது. ஆனால் முன்போல் சுழலவில்லை. லேத்தில் சுழலும் மரத்தைக் கடைய, உளியை மணிக்கட்டால் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "இனிமே லேத்து உனக்கு ஆகாது. மணல்தாள் தேய்க்கிறியா?" என்றார் முதலாளி. சித்தி வேலைக்குப் போடும் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

நான் அப்போதுதான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் திரிந்துகொண்டிருந்தேன். "சும்மாதானே இருக்கே, இதைப் பிடி" என்று ஒரு சதுரக் கம்பியை நீட்டினாள். இரும்புப் பட்டறையில் தூக்கியெறிந்த, இரும்பையே வெட்டும் சின்னச் சதுரக் கார்பைடு முனை ஒன்றை வாங்கி வந்திருந்தாள். ஒரு மூலைதான் மழுங்கியிருந்தது. கம்பியின் நுனியைத் தட்டையாக ராவி, துளை போட்டு, முனையை ஒரு திருகாணியால் இறுக்கினோம். இந்த உளியை உருட்ட வேண்டாம். மட்டமாகப் பிடித்துத் தள்ளினால் போதும்.

சனிக்கிழமை சித்தியின் பழைய பட்டறைக்குப் போனோம். "பத்து நிமிஷம் லேத்தைக் குடுங்க" என்றாள் முதலாளியிடம்.

மரம் சுழன்றது. முனை வெட்டாமல் உராய்ந்தது. சித்தி அழுத்தியதும் முனை துள்ளி மரத்தைக் கடித்தது. பாதி கடைந்த கிண்ணம் பிய்த்துக்கொண்டு போய்த் தகரச் சுவரில் மோதியது.

"அக்கா பறக்கும் தட்டு செய்றாங்கடோய்!" என்று கத்தினான் பட்டறைப் பையன் ஒருவன்.

"போதும்மா. யார் தலையாவது போயிரும்" என்றார் முதலாளி.

 சித்தி குனிந்து பார்த்தாள். கம்பி தடிமன் என்பதால் முனை மரத்தின் நடுவுக்கு மேலே நின்றது. உளியைத் தாங்கும் கட்டையை இறக்க வேண்டும். அதன் நட்டு துருவேறிக் கிடந்தது. சுத்தியலை எடுத்தாள்.

"அதுல கை வைக்காதே. எங்கப்பா வச்ச உயரம்!" என்றார் முதலாளி.

"அது உங்க உளிக்கு. என் உளிக்கு நான் வச்சுக்கிறேன்."

மூன்றாவது அடியில் நட்டு அசைந்தது. கட்டையை இறக்கி, வேறு மரத்தை மாட்டினாள். இந்த முறை மரத்தூள் சீராகப் பொழிந்தது. கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் விரலால் தடவிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை.

"இது சுரண்டுறது. கடைசல் இல்ல. இங்க இந்த உளி ஆகாது."

"அப்ப நானும் ஆகமாட்டேன்."

நாற்காலிக் கால் கடையும் இன்னொரு பட்டறையில் சேர்ந்தாள். அங்கே யாரும் உளியைப் பார்க்கவில்லை, கடைந்த காலைத்தான் பார்த்தார்கள்.

பதினோரு மாதம் கழித்து பழைய முதலாளியிடமிருந்து கைபேசியில் செய்தி: "லேத்து காலியா இருக்கு. எந்த உளியானாலும் சரி, வந்துரும்மா."

சித்தி நின்றபடியே பதில் தட்டினாள்: "உளி வேணும்னா செஞ்சு தர்றேன். நான் வரமாட்டேன்."