தொண்ணூற்றிரண்டு கோலும் ஏழாம் வகுப்பும்

உதைபந்தாட்டத்தில் முன்னுக்கு விளையாடுகிறவனின் வேலை ஓடுவது என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள், பெரும்பகுதி நிற்பதுதான். ஃபோர்வேட்டாக நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மோர்னிங்சைட் திடலில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பழைய மாணவர் அணியில் நான் பதினாறு கோடை நின்றேன். கோல்கள் தொண்ணூற்றிரண்டு. மனைவி காலமான பிறகு, என் பெயரைச் சொல்லி ஆட்கள் கூப்பிட்டது சனிக்கிழமை காலைகளில் அந்தத் திடலில் மட்டும்தான்.

மற்றப் பாதியில் இரண்டு பேர்

ஒரு நாள் பந்து முழுக்க எங்கள் கோலடியிலேயே கிடந்தது. இருபத்தாறு நிமிடம் எனக்கு ஒரு உதையும் இல்லை. மற்றப் பாதியில் நானும் எதிரணிக் கோல்காப்பாளரும் மட்டும். பக்கத்து நகரமான பிக்கரிங்கிலிருந்து வருகிறவர், வான் ஓட்டுகிறவர் என்று தெரியும். என்ன கதைப்பது என்று தெரியாமல் சப்பாத்து நூலை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினேன். கடைசியில் அவரே கம்பத்தில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “அண்ணை, ரெண்டு கதிரை கொண்டந்திருந்தா இருந்து கதைச்சிருக்கலாம். நீங்களெண்டா வாயே திறக்கிறியள் இல்லை.”

கழித்த கோல்

உண்மையில் என் பெயரில் தொண்ணூற்றுமூன்று இருந்தது. மூலையிலிருந்து அடித்த ஒரு கோணர் உதையில் கோலடியில் நெரிசல். பந்து உள்ளே போனது. அடித்தவன் நான் என்று நடுவர் என்னைக் காட்டினார். நாலு பேர் ஓடிவந்து என்னைத் தூக்கினார்கள். பந்து எதிரணிக்காரர் ஒருவரின் முழங்காலில் பட்டுத்தான் போனது. என் கால் படவில்லை. தூக்கி வைத்திருக்கும்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு கிழமை அதை மனதுக்குள் வைத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை அணித் தலைவர் சிவத்திடம் சொல்லிக் கழிக்கச் சொன்னேன். “கோலைக் கழிக்கலாம் நடராசண்ணை. நாங்கள் தூக்கினதை எப்பிடிக் கழிக்கிறது? என்ர நாரி இன்னும் நோகுது” என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

படிவம்

போன வருடம் ஒரு அணி வெளியாட்களை இறக்கியது என்று பெரிய சண்டை. அதனால் இந்த வருடம் எல்லோருக்கும் படிவம் வந்தது. அந்தந்தப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவர்களுக்குத்தான் இடம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். இதுவரை யாரும் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை.

சிவம் வீட்டுக்கே வந்தார். “பத்து எண்டு போடுங்கோ அண்ணை. ஊருக்குப் போய் ஆர் பாக்கப்போகினம்?” என்றார். அவர் போன பிறகு பேனையை மூன்று தரம் எடுத்து மூன்று தரம் வைத்தேன். ஏழு என்று எழுதினால் சனிக்கிழமை போய்விடும் என்று தெரியும். நாலாம் தரம் எடுத்து ஏழு என்றே எழுதினேன்.

படிவத்தைப் பார்த்த சங்கச் செயலாளர் அணிப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார். சிவம் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்: “பத்து எண்டு எழுத எவ்வளவு நேரம் செல்லும் அண்ணை? இப்ப முன்னுக்கு நிக்கவும் ஆளில்லை, உங்களோட கோவிக்கவும் ஏலாமக் கிடக்கு.”

கணக்கில் ஒரு பிழையும் விடாமல் விளையாடி முடித்த எனக்கு, இப்போது சனிக்கிழமைகளில் எண்ணுவதற்கு வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன்.