மஞ்சள் பவுடரும் எங்கள் தடுப்பூசியும்

கோழி டைபாய்டுக்கு இரண்டு வருடம் பாடுபட்டு நாங்கள் உருவாக்கிய தடுப்பூசி, பரமத்தி வேலூர்ப் பண்ணையில் படுத்துவிட்டது. ஊசி போட்ட கோழிகளின் ரத்தத்தை நாமக்கல் லேபில் மூன்று தடவை சோதித்தேன். எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் டைட்டர் ஏறவே இல்லை.

எங்கள் பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் ஊசில இருந்த கிருமி செத்துப்போய்த்தான் பண்ணைக்குப் போயிருக்கும்மா. இந்த ஆராய்ச்சிய இந்த மாசத்தோட மூடிரலாம்."

ஐஸ் பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனவளே நான்தான். பண்ணையில் போட்டு மிச்சமிருந்த குப்பியில் இருந்ததை லேபில் வளர்த்துப் பார்த்தேன். கிருமி ஜம்மென்று வளர்ந்தது. வலுவிழந்த உயிர்க் கிருமிதான் எங்கள் ஊசி. ஆன்டிபயாடிக் பட்டால் செத்துவிடும். ஆனால் பண்ணைக்காரர் பழனிசாமி, 'ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை' என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மறுநாளே போய் நின்றேன்.

"ஏனுங்க, நெசமாவே ஒண்ணும் குடுக்கலீங்களா?"

"சத்தியமா இல்லீங்க அம்மிணி. நான் என்ன பொய்யா சொல்றேன்?" மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது.

அன்று பக்கத்து ஷெட்டில் வேறு ஏதோ ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே தொட்டித் தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"இது என்னங்க?"

"பவுடருங்க. எந்த ஊசி போட்டாலும் முன்னப்பின்ன மூணு நாளு கலக்கிவுடுவோம். மருந்தெல்லாம் இல்லீங்க, தெம்புக்கு."

பாக்கெட்டைத் திருப்பிப் படித்தேன். சுத்தமான ஆன்டிபயாடிக்! "அடக் கடவுளே!" என்று கத்தியேவிட்டேன்.

விளக்கிச் சொன்னதும் பழனிசாமி முகம் சுருங்கியது. "பவுடர் இல்லாம ஊசி போட்டுக் கோழி செத்தா யாருங்க பொறுப்பு? போன தடவ டைபாய்டு நோவுல பாதி ஷெட்டு காலியாச்சுங்க."

"பத்து நாளு தினமும் நானே வந்து பாக்கறேனுங்க."

அரை மனதாக இன்னொரு ஷெட் கொடுத்தார். பவுடர் இல்லாமல் ஊசி போட்டோம். பத்து நாளும் போனேன். ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டாலே ஓடிப்போய்த் தூக்கிப் பார்ப்பேன். ஒன்றும் சாகவில்லை.

மூன்றாவது வாரம் ரத்தம் எடுத்தோம். எல்லா மாதிரியிலும் டைட்டர் ஏறியிருந்தது. அப்பாடா! மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன். பெரிய டாக்டர் தானும் ஒரு தடவை சோதித்துவிட்டு, "நல்லவேளை, மூடல" என்றார்.

லேபில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பண்ணையில் போய் ஆன்டிபயாடிக் கொடுத்தீர்களா என்று கேட்காதீர்கள். கோழிக்கு என்னென்ன கலக்குகிறீர்கள், எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பழனிசாமி பொய் சொல்லவில்லை. அந்தப் படிவத்தை எழுதியவள் நான். கேட்கத் தெரியாமல் கேட்டு, என் ஊசியை நானே கொல்லப் பார்த்தேன்.