உட்கார முடியாத சனிக்கிழமை

சைக்கிள் கடையில் நான் இருந்தேன், என் அறைத்தோழன் இருந்தான், கடைக்காரப் பெண் இருந்தார். முதலிலேயே நான் விசாரித்திருக்க வேண்டிய ஆள்தான் இல்லை. அவர் ஆய்வகத்தில் என் எதிர் மேசையில் இருக்கும் ஜெர்மன்காரர். சனிக்கிழமைதோறும் அவரும் நாலைந்து பேரும் ஆய்வகம் இருக்கும் கார்ஹிங்கிலிருந்து ஏரிவரை சைக்கிள் மிதிப்பார்கள். நான் ஜெர்மனிக்கு வந்து பல மாதம் கழித்துத்தான் என்னையும் கூப்பிட்டார்கள். முதல் தடவை உட்காரும் இடத்தில் வலி தாங்காமல் பாதி வழியில் இறங்கி ரயிலில் திரும்பிவிட்டேன். "அடுத்த வாரம் முடியுமா?" என்று அவர் கேட்ட குரலில் இருந்த இரக்கம் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை இறங்கினால் கூப்பிடவே மாட்டார்கள்.

அந்த வாரம் ஓரிடத்தில் உட்காரவில்லை நான். சீட்டுக்கு மெத்தென்று ஜெல் உறை வாங்கி மாட்டிப் பார்த்தேன். அமுங்கி அமுங்கி, வலிக்காத இடமும் வலித்தது. அதனால்தான் கடைக்குப் போனோம்.

அந்தப் பெண் முக்காலியில் ஓர் அட்டையைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். எழுந்தால் அதில் உட்காரும் எலும்புகள் அமுங்கிய இரண்டு குழிகள். ஸ்கேல் வைத்து இடைவெளியை அளந்தார்.

"மச்சி, கல்யாணக் கோட்டுக்குக்கூட இப்படி அளவெடுக்க மாட்டாங்கடா."

"வாயை மூடு."

கல் மாதிரி ஒரு சீட்டைக் கொடுத்தார். "எலும்பு உட்காரட்டும், சதை வேண்டாம்" என்றார். அடியில் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டையும் ஒன்று வாங்கினேன். தானும் வருவதாகச் சொல்லி அறைத்தோழனும் அதே மாதிரி எடுத்துக்கொண்டான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாத்திரை அட்டையோ உர மூட்டையோ, "என்னன்னு படிச்சுச் சொல்லுய்யா" என்று என்னிடம்தான் வரும். அந்தப் பழக்கத்தில் கால்சட்டைக்குள் இருந்த துணிச்சீட்டையும் ஒரு சொல் விடாமல் வாசித்தேன்.

"உள்ள ஜட்டி போடக் கூடாதாம்டா."

"அதெல்லாம் இந்த ஊர்க்காரங்களுக்கு. பொண்ணுங்களும் வர்றாங்க. நான் போட்டுட்டுத்தான் வருவேன்."

நானும் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை எலும்பு வலிக்கவில்லை. ஆனால் கொஞ்ச தூரத்திலேயே ஜட்டியின் தையல் தொடையிடுக்கை அரம் போல ராவியது. எழுந்து எழுந்து மிதித்தேன். ஜெர்மன்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒரு ரயில் நிலையத்தருகே நிறுத்தி, "இங்கிருந்து ரயில் இருக்கிறது" என்றார், அன்பாகத்தான்.

"இரண்டே நிமிடம்" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த உணவகத்தின் கழிப்பறைக்குள் ஓடினேன். பக்கத்துக் கதவும் படாரென்று சாத்திக்கொண்டது.

"நீயுமாடா?"

"பேசாத மச்சி. எரியுது."

அதன்பிறகு ஏரி வரும்வரை நான் எழுந்து மிதிக்கவில்லை. கரையில் ஜெர்மன்காரர், "அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கு" என்றார். முடியுமா என்று கேட்கவில்லை.

ஜெல் உறை, சீட், இரண்டு கால்சட்டை, கழிப்பறை வாசல் தட்டில் போட்ட சில்லறை எல்லாம் சேர்த்து நூற்று அறுபத்தோரு யூரோ. அதுபோக, அங்கே குப்பையில் போட்ட ஆளுக்கொரு ஜட்டி.