எந்தப் பூவோட தேன்?

இன்னிக்கு காலைல பூந்தமல்லி பஸ். ஜன்னலோர சீட்டு, மெல்லிசா காத்து, கையில போன், போனுக்குள்ள என் பண்ணை. இந்த கேம்ல தேனை அப்படியே விக்காம, பீப்பாய்ல ஊத்தி மதுவாக்கி வித்தா லாபம் ஜாஸ்தி. இருந்த தேனையெல்லாம் ஊத்திட்டே வந்தேன்.

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பாத்தாங்க. தலை நிறைய மல்லி.

"இன்னா தம்பி அது?"

சொன்னேன்.

"எந்தப் பூவோட தேனு?"

"விதவிதமா நட்டிருக்கேன்க்கா. ஆனா மதுவாயிட்டா எல்லாம் ஒண்ணுதான். எந்தப் பூன்னே தெரியாது."

"அய்ய! அப்பறம் இன்னாத்துக்கு பூ நட்டே?"

கரையான்சாவடில இறங்கிட்டாங்க. வாசனை மட்டும் இறங்கல.

கடைசி ஜாடித் தேனை ஊத்தாம எடுத்து வெச்சுட்டேன். அந்த மயக்கத்துல என் ஸ்டாப்பும் போயிடுச்சு.

கமெண்ட்ல லாபக் கணக்கு சொல்ல வர்றவங்க, கொஞ்சம் மல்லி வாங்கிட்டு வாங்க.